தொட்டா சொல்லு

எங்கள் வீட்டில் கத்தி தீட்டுவதைப் பூசை மாதிரிச் செய்தவர் சித்தப்பா ஒருவர்தான். அம்மாவின் அரிவாள்மணையில் கத்தரிக்காய்கூடச் சண்டை போட்டுத்தான் வெட்டுப்படும். அதை அவர் சீண்டவே மாட்டார். அவருடைய கவனமெல்லாம் பாண்டிச்சேரி சந்தையில் வாங்கிய மடக்குக் கத்தியின் மேல்தான். கிணற்றடியில் உட்கார்ந்து, சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு என்று பொறுமையாகத் தீட்டுவார். கரும்பு வெட்டப் போகச் சொன்னால் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகுமோ தெரியாது.

வேலியோரத்துக் கல்யாண முருங்கைக் கிளையைச் செதுக்கி எனக்கு மாடு, வண்டி, கொக்கு எல்லாம் செய்து தருவார். பாகூரில் மூன்றாம் வகுப்புப் படித்த வேறு எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு சித்தப்பா கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அந்த வருடம் தை மாதம் அவருக்குக் கல்யாணம். நெட்டப்பாக்கத்துப் பெண். அவளுக்குக் கொடுக்கப் பூவரசங்கட்டையில் ரகசியமாக ஒரு குங்குமச் சிமிழ் செதுக்கிக்கொண்டிருந்தார். ரகசியம் எனக்குத் தெரியும். ஆகவே தெருவுக்கே தெரியும். மூடி சரியாகப் பொருந்த வேண்டுமென்று அன்று வெகுநேரம் கத்தியைத் தீட்டினார். பிறகு கூர் பார்க்க விளிம்பில் கட்டை விரலை வைத்துத் தடவினார். திருப்தியில்லை போலிருக்கிறது, இன்னும் அழுத்தித் தடவினார். கல்லின் மேல் ரத்தம் சொட்டியது. அவர் பாட்டுக்கு என்னிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஐயோ சித்தப்பா, ரத்தம்!”

அப்போதுதான் குனிந்து பார்த்தார். “தண்ணியில ஊறிக் கெடக்குது பாப்பா, அதான் தெரியல” என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள் நான்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த அப்பா இதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கீழே கிடந்த கோழியிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு தம்பியின் எதிரே குந்தினார்.

“கண்ண மூடுடா. தொட்டா சொல்லு.”

“இன்னாண்ணா, சின்னப் புள்ளையாட்டம்?” என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

அப்பா இறகால் விரல்களைத் தொட்டார். முழங்கையருகே வெயில் தேமல் என்று நாங்கள் விட்டுவிட்ட வெளுத்த இடத்தைத் தொட்டார். “இன்னும் தொடலியா?” என்றார் சித்தப்பா. அவர் தோற்றுப்போகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. “தொட்டாச்சு சித்தப்பா, தொட்டாச்சு, சொல்லு!” என்று குதித்தேன். சித்தப்பா கண்ணைத் திறந்தார். சிரிப்பு போய்விட்டது.

பிறகு அப்பா என்னையும் கண்ணை மூடச் சொன்னார். தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னேன். ஜெயித்துவிட்டதாகக் கை தட்டினேன். அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அன்று சாயங்காலமே சித்தப்பாவின் பாயும் தட்டும் வயலில் இருந்த மோட்டார் கொட்டகைக்குப் போயின. நெட்டப்பாக்கத்துக்கு ஆள் போய்ச் சொல்லிவிட்டு வந்தது. தொழுநோய் என்ற சொல்லை மட்டும் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பல வருடம் மாத்திரை சாப்பிட்டு நோய் குணமாயிற்று. கல்யாணம் நின்றது நின்றதுதான்.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டம் ஒன்றுதான். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வயலுக்கு ஓடினேன். வரப்பிலிருந்தே கத்தினேன்: “சித்தப்பா, இன்னொரு தபா ஆடலாம் வா! அப்பா தொடும்போது நான் இருமுறேன், நீ சொல்லிடு!”

சித்தப்பா சட்டென்று எழுந்து கொட்டகைக்குள் பின்வாங்கினார்.

“கிட்ட வராத பாப்பா. வூட்டுக்குப் போ.”

ஒரு ஆட்டத்தில் தோற்றதற்கு இவ்வளவு கோபமா என்று எனக்கும் கோபம் வந்தது. சுண்டு விரலைக் காட்டி அவரோடு காய் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.