சலீம் வீட்டுப் பளிங்கும் டர்போ வண்டியும்

போன வாரம் மருமகனின் புதுக்காரைப் பெரம்பலூரில் சர்வீசுக்கு விட்டேன். பானெட்டைத் திறந்தார்கள், என்ஜினைக் காணவில்லை, ஒரு பிளாஸ்டிக் மூடிதான் இருந்தது. எட்டிப் பார்த்த என்னை, “சார், ஏசி ரூம்ல உக்காருங்க, காபி வரும்” என்றாள் ஒரு பெண். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றவே மூன்று கையெழுத்து கேட்கும் அரசுப் பணிமனையில் காலம் தள்ளியவனுக்கு இந்த மரியாதையே அதிகம். ஆனால் சூடான எண்ணெய் வாசனை துளியும் இல்லையே என்றிருந்தது.

அந்த வாசனை என்றால் எனக்கு லெப்பைக்குடிகாடு சலீம்தான். தொண்ணூறுகளின் கடைசி. சவுதியில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி, டர்போ டீசல் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். அவருடைய சின்ன மகள் முகம் பழகாமல் அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்து, அப்போதுதான் அப்பா என்ற பொருளில் ‘அத்தா’வுக்கு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வண்டி நீலமாய்ப் புகைய ஆரம்பித்தது. அவர் கூப்பிட, வீட்டுக்கே போனேன்.

“டர்போ போயிடுச்சாம் சார். மாத்த வசதியில்ல. வித்துட்டு மறுபடி சவுதிக்கே போறேன்னு ஏஜெண்டுகிட்ட சொல்லிட்டேன்.”

“ஏஜெண்டு எங்கயும் ஓடிட மாட்டாரு. மொதல்ல பானெட்டைத் தொறங்க.”

என்ஜினில் எரியும் வாயு கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே எண்ணெய் இருக்கும் பக்கம் கசியும். டர்போ வண்டியில் இன்னும் அதிகம். அது வெளியேற ஒரு குழாய் உண்டு. அரசு அலுவலகத்துப் புழுக்கம் வெளியேற டீக்கடை இருப்பதுபோல. சலீம் வண்டியில் அந்தக் குழாயின் வாயை ஒரு ரப்பர் கார்க் இறுக்கமாக அடைத்திருந்தது.

“இது யாரு வேலை?”

வாசலில் நின்ற சலீமின் உம்மா கூசவேயில்லை. “நாந்தான் அடைக்கச் சொன்னேன். வண்டி நிக்கிற எடத்துல புதுசாப் போட்ட பளிங்கு தம்பி! சொட்டு சொட்டா எண்ணெய். ஊரே வழுக்கி விழுவுறதுக்கா போட்டோம்?”

ஓடும் என்ஜினில் கார்க்கைப் பிடுங்கினேன். குழாய் பெருமூச்சு விட்டு என் வெள்ளைச் சட்டையில் எண்ணெயால் கையெழுத்திட்டது. வாயுவின் அழுத்தத்தால், டர்போவுக்குப் போன எண்ணெய் கீழே திரும்ப முடியாமல், பக்கவாட்டில் காற்றுக் குழாயிலும் சைலன்சரிலும் கசிந்து எரிந்திருக்கிறது. டர்போ நிரபராதி. காற்றுக் குழாயைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். புகை நிற்கவில்லை.

“பாத்தீங்களா சார்” என்றார் சலீம், முகம் தொங்க.

“சைலன்சர்ல தேங்குனது எரிஞ்சு தீரணுமில்ல? ரஞ்சன்குடி கோட்டை வரைக்கும் போயிட்டு வருவோம்.”

வீடே ஏறிக்கொண்டது. சலீமின் மனைவி ரெஜினா மட்டும் திரும்பி உட்கார்ந்து பின்கண்ணாடியையே பார்த்துவந்தாள். கோட்டை தெரிந்தபோது, “என்னங்க, பொகையக் காணோம்” என்றாள். சலீம் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, குனிந்து சைலன்சர் வாயைப் பார்த்தார்.

“ஏஜெண்டுக்கு என்னா சொல்றது?” என்றார் உம்மா.

“ஆளு வரலன்னு சொல்லுங்க” என்றாள் ரெஜினா, கணவரை முந்திக்கொண்டு.

பளிங்குக்கும் வழி செய்தோம். பால்பவுடர் டின் மூடியில் குழாய்க்கு ஒன்று, வாயு வெளியேற ஒன்று என ஓட்டை போட்டு, எண்ணெய் டின்னுக்குள் சொட்டும்படி கட்டினோம். எந்தக் கையேட்டிலும் இல்லாத முறை; நானே ஒப்புதல் அளித்தேன்.

இப்போதைய என்ஜின்கள் அந்த வாயுவைத் தாமே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. நல்லதுதான். அந்த நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் லெப்பைக்குடிகாட்டு போன் பூத் வாசலில் பெண்கள் குழந்தைகளோடு காத்து நிற்பார்கள், வளைகுடாவிலிருந்து வரும் குரலுக்காக. அந்த வரிசையில் ரெஜினா அப்புறம் நிற்கவேயில்லை. இன்று பூத்தும் இல்லை, வரிசையும் இல்லை.