சித்தியின் பீரோவும் என் இரண்டு வரியும்

படிக்காத புத்தகத்துக்கு அபிப்பிராயம் எழுதியே ஒரு நூலகத்தை மூடவைத்தவன் நான். அப்போது பதினோரு வயது. இன்று என் மகள், முன்பின் தெரியாதவர்கள் ஃபோனில் போட்ட ஸ்டார்களைப் பார்த்துப் புத்தகம் வாங்கும்போதெல்லாம், "அவங்க படிச்சிருப்பாங்கன்னு என்ன நிச்சயம்?" என்பேன். அப்பா வழக்கம்போல் ஜோக்கடிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறாள்.

நூலகம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். மைசூரில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால், மடக்கு நாற்காலிகள் அடுக்கும் அறையில் ஒரு பச்சை இரும்பு பீரோ. சாவி என் சித்தியிடம். அம்மாவின் தங்கை, நர்ஸ். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் யார் யாருடைய அதட்டலுக்கோ ஓடுகிறவள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்தச் சாவியைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிடுவாள். அக்ரஹாரத்துப் பழைய புத்தகக் கடையில் தானே பொறுக்கிவந்து, அட்டை போட்டு, கடைசிப் பக்கத்தில் கோடு போட்ட தாள் ஒட்டுவாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் அதில் இரண்டு வரி அபிப்பிராயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த புத்தகம் கிடையாது. பங்குச் சாமியாருக்கும் அதே சட்டம்தான்.

அந்த வருஷம் மந்திரக் கதை ஒன்று வந்தது. தடித்த இங்கிலீஷ் நாவல். அட்டையில் ஒரு பெண் உள்ளங்கையில் நெருப்பை ஏந்தி நிற்பாள். பெரிய பிள்ளைகள் அதற்கு அடித்துக்கொண்டார்கள். 'சாப்பிட மறந்துவிட்டேன்' என்று தாளில் ஒருத்தி எழுதியிருந்தாள். 'முடிவில் அழுதேன்' என்று இன்னொருத்தி. அதற்குக் கீழே வேறு மையில், 'நான் அழவில்லை.'

நானும் எடுத்தேன், கௌரவத்துக்காக. அட்டை வெளியே தெரிகிற மாதிரி இரண்டு வாரம் சுமந்து திரிந்தேன். நாலாம் பக்கத்தைத் தாண்டவில்லை. திருப்பிக் கொடுக்கிற அன்று, ஒரு காமிக்ஸ் எனக்காகக் காத்திருந்தது. எழுதினேன்: 'இதில் உள்ள மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தேன். பலிக்கிறது.'

கதையைப் படித்திருந்த இரண்டு அக்காமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் எழுத்தை ரசிக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன்.

அடுத்து அதை எடுத்தவள் பங்குக் கமிட்டி செயலாளரின் மகள். அவர் கடைசித் தாளை மட்டும் படித்தார். மறு ஞாயிறு கமிட்டி கூடிவிட்டது. மேஜை நடுவில் புத்தகம். யாரும் தொடவில்லை.

"இதெல்லாம் சர்ச்சுக்குள்ள வைக்கலாமா, நர்ஸம்மா? இன்னியோட பீரோவை மூடிடலாம்" என்றார் செயலாளர்.

"நீங்க படிச்சீங்களா சார்?" என்று கேட்டாள் சித்தி.

"இதைப் படிக்க வேற செய்யணுமா? உங்க அக்கா பையனே கைப்பட எழுதியிருக்கான், பலிக்குதுன்னு." என் பக்கம் திரும்பி, "ஹௌதோ அல்வோ?" என்று கன்னடத்தில் அதட்டினார். ஆமாவா, இல்லையா?

பக்கத்தில் அப்பா. "பொய் எழுதியிருந்தான்னா இங்கயே தோலை உரிச்சிடறேன்" என்று வாட்ச்சைக் கழற்ற ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் வாட்ச் கழன்றால் அடி நிச்சயம். கண்ணாடி உடையக் கூடாதில்லையா.

சித்தி என்னைப் பார்த்தாள். "முழுசா படிச்சியாடா?"

"ரெண்டு வாட்டி, சித்தி."

"மந்திரம் சொன்னியா?"

"சொன்னேன். பக்கத்து வீட்டுப் பூனை பேசிச்சு."

அதற்குப் பிறகு எத்தனையோ ஜோக் சொல்லிச் சொதப்பியிருக்கிறேன். கமிட்டிக்காரர்கள் சிலுவை போட்டுக்கொண்டது அதற்கு மட்டும்தான். சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அப்பாவின் வாட்ச் மேஜைக்கு வந்துவிட்டது. சித்தி அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, பீரோ சாவியை எடுத்து வாட்ச் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

பதில் தெரியாமல் சித்தி தோற்றுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அப்பா வாட்ச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். புத்தகங்கள் பழைய பேப்பர்காரனோடு போயின. பீரோவுக்குள் கிறிஸ்துமஸ் குடிலின் ஆட்டுக்குட்டிகள் குடியேறின. சித்தி ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு இவ்வளவு வீம்பு என்று வீட்டில் எல்லோரும் பேசினோம். நானும் பேசினேன்.

போன மாதம் விஜயநகரில் சித்தி வீட்டில் உட்கார்ந்து, இந்தக் கதையை என் மகளுக்குக் காமெடியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அன்னிக்குச் சின்னப் பாட்டிக்குப் பேச்சே வரலை, தெரியுமா?" என்று முடித்தேன். மகள் சிரித்தாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சித்தி நிமிரவில்லை.

"அந்தக் கதையில வர்ற பொண்ணு ஊமைடா. எல்லாம் கையாலதான் செய்வா. மந்திரம்னு ஒரு வரி கிடையாது. அந்த ரூம்ல அது தெரிஞ்ச ஒரே ஆள் நான். சொல்லித் தொலைச்சிருக்கணும். நாலு அடி வாங்கி நீயும் உருப்பட்டிருப்பே, என் பீரோவும் தப்பிச்சிருக்கும்."