ஒற்றைக் கையெழுத்துக்காரர்

பிள்ளைகளே, போன வாரம் சாப்பிடும்போது மூன்று பேரும் சேர்ந்து என் முதலாளியைப் பற்றிக் கேட்டீர்கள். "அவருக்கும் வன்னியம்பட்டிதான், நமக்கும் வன்னியம்பட்டிதான். அவர் மட்டும் எப்படிப்பா முதலாளி ஆனாரு?" நான் கை கழுவ எழுந்துவிட்டேன். பேசினால் குரல் மாறிவிடும் என்று பயம். அதனால் எழுதுகிறேன்.

அவர் வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. நாங்கள் ஆறு பேர். என் புத்திக்கு எட்டிய காரணம் அவ்வளவுதான்.

ஒரே வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் அப்பா நிலம், இந்தப் பக்கம் உங்கள் தாத்தா நிலம். இரண்டும் ஒரே அளவு. பெய்கிற மழையும் ஒன்றுதான். ஆனால் அவர் தட்டில் முட்டை முழுசாக இருக்கும். எங்கள் வீட்டில் அம்மா வேகவைத்த முட்டையை நூலால் அறுத்துக் கொடுப்பாள். அவர் மதுரைக்குப் படிக்கப் போனார். நான் எட்டாவதோடு இராஜபாளையத்தில் தறிக்குப் போனேன். எனக்குக் கீழே மூன்று தம்பிகள் சாப்பிட வேண்டியிருந்தது.

பேண்டேஜ் துணி நெய்கிற தறி. வருஷக்கணக்காக அடுத்தவர் தறியைத்தான் ஓட்டினேன். ஒரு தடவை அந்தத் தறிக்காரர், "ரெண்டு தறியை விக்கப் போறேன், நீ எடுக்கியா? சீக்கிரம் சொல்லணும்" என்றார். அதே சமயம் தென்னந்தோப்பு போட நிலம் வேண்டும் என்று மதுரைக்காரர் ஒருவர் வந்து, தாத்தாவுக்குப் பிறகு எங்கள் ஆறு பேருக்கும் பொதுவாக இருந்த நிலத்தையும் வரப்புக்கு அந்தப் பக்கத்து நிலத்தையும் விலை பேசினார். என் பங்கு வந்தால் அந்த இரண்டு தறியும் எனக்கு. மனதுக்குள் நான் அவற்றை ஓட்டவே ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு நிலத்துக்கும் ஒரே நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரப்பதிவு. ஒற்றைப் பிள்ளை உள்ளே போனார். கையெழுத்துப் போட்டார், போட்டோ எடுத்தார்கள், வெளியே வந்துவிட்டார். நான் வாங்கிய டீ இன்னும் சூடாகவே இருந்தது.

எங்கள் பக்கம் உங்கள் பெரியப்பா பட்டாளத்திலிருந்து லீவு போட்டு வந்திருந்தார். சித்தப்பாமார் மூவரும் வந்திருந்தார்கள். சங்கரன்கோவிலில் இருந்து உங்கள் அத்தை மட்டும் வரவில்லை. அவள் கையெழுத்தும் இல்லாமல் பத்திரம் முடியாது. பெரியப்பா போன் போட்டார். மாமாதான் எடுத்தார். அவர் போட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"போன்ல தாக்கல் சொல்லுவாகளாம், நாங்க ஓடி வரணுமாம். வீட்டு வாசல்ல வந்து நின்னு வாங்கன்னு கூப்பிட அஞ்சு பேர்ல ஒருத்தனுக்கும் காலு இல்லையோ?"

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ போகலையா?"

"மூத்தவுக நீங்க போயிருப்பியன்னு இருந்தேன்."

"நான் நேத்துத்தானல வந்து எறங்குனேன்! ஏலே சின்னவனே, நீயாவது?"

"திருப்பூர்ல கெடக்கவனைப் போயிக் கேக்கியளே. பக்கத்துல இருக்கவுகளைக் கேளுங்க."

ஐந்து பேரும் மற்றவன் போயிருப்பான் என்று இருந்துவிட்டோம். ஒற்றைப் பிள்ளைக்கு இந்தத் தவறு வரவே வராது. தனக்குப் பதிலாக யாரோ போயிருப்பார்கள் என்று நினைக்க அவருக்கு ஆளே கிடையாது.

ஆபீஸ் வாசலிலேயே சண்டை முற்றிவிட்டது. அவர் ஒரு பால்கோவா பொட்டலத்தைப் பிரித்தபடி எங்களிடம் வந்தார். "சாப்பிடுங்க அண்ணாச்சி. சண்டை போடவாச்சும் ஒங்களுக்கு ஆள் இருக்கு."

"வேணும்னா ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். தம்பிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவை முறையாக அழைத்துக்கொண்டு இன்னொரு நாள் வருகிறோம் என்று மதுரைக்காரரிடம் கெஞ்சினோம். "வேண்டாங்க, இத்தனை பேர் உள்ள எடம்னா பொறவு எவனாவது கேஸ் போடுவான்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே வாங்கிய நிலத்துக்கு மறுபக்கத்து நிலத்தை வாங்கிக்கொண்டார். எங்கள் நிலத்தில் இன்றைக்கும் வேலிக்கருவைதான் நிற்கிறது.

அடுத்த வாரம் அந்த ஒற்றைக் கையெழுத்துக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, அந்த ரெண்டு தறியையும் நீங்க பேசி வச்சிருந்தியளாமே. ஒங்களுக்குத் தோதுப்படலைன்னா நான் எடுத்துக்கிடட்டுமா?"

எடுத்துக்கோங்க என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் தலை மறைந்ததும் உங்கள் அம்மா, "நல்ல மனுசன், ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்காரு பாருங்க" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. ஏமாற்றி எடுத்திருந்தால் திட்டவாவது திட்டியிருப்பேன்.

அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. முறையாகக் கூப்பிடாமல் அவள் எப்படி வருவாள்? கூடப் பிறந்தவர்கள் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்ததும் இல்லை. ஆனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒற்றைக் கையெழுத்து ஞாபகம் வந்துவிடுகிறது. நீங்களும் மூன்று பேர். நாளைக்கு யாரையாவது கூப்பிடப் போக வேண்டும் என்றால், அண்ணன் போயிருப்பான், தங்கச்சி போயிருப்பாள் என்று இருந்துவிடாதீர்கள். மூன்று பேரும் தனித்தனியாகப் போய் நின்றாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

நிலம் விற்ற பணத்தில் கட்டிய தறி ஷெட்டின் பூஜைக்கு, அவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு தெருவில் ஒவ்வொரு வீடாக வந்தார், தனியாகத்தான். நம் வீட்டில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "தறி ஓட்ட நீங்கதான் வரணும் அண்ணாச்சி" என்றார். அப்போது உங்களில் இரண்டு பேருக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருந்தது. சரி என்றேன்.

பூஜை முடிந்து எல்லோரும் பந்திக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஷெட்டுக்குள் புதுத் தறிகளோடு அந்த இரண்டும் சுவர் ஓரமாக நின்றன. எல்லாத் தறியிலும் அவர் கையால் வைத்த சந்தனமும் குங்குமமும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அந்த இரண்டில் மட்டும் இருந்ததைத் துண்டால் துடைத்தேன். தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்து, என் விரலால் ஆளுக்கொரு பொட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.