கறிவேப்பிலைக்கு வாங்காத விளக்கு

“மனசுக்கு ஒரு படிப்பே? அப்ப பசிக்கும் ஒரு டிகிரி இருக்குமே பிள்ளை?”

பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கப் போகிறேன் என்று நான் அறிவித்த அன்று அந்தோனி மாமா கேட்டது இது. அம்மாவின் அண்ணன். ஒரு கையில் ரோல்ஸ், வாயில் ரோல்ஸ், இரண்டுக்கும் நடுவே இந்தக் கேள்வி. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் ஓர் ஆணி அடித்து, அதில் அந்த வாக்கியத்தைப் பத்திரமாக மாட்டி வைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மாவின் படிப்பு மன்னாரில் மூன்றாம் வகுப்போடு நின்றது. மாமா அதற்கும் முன்பே கடலுக்குப் போய்விட்டார். எனக்கு இந்த ஜூனில் பட்டம் கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறேன். சோபாவில் இருந்தாலும் தெரியும், குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாலும் தெரியும், வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் படியேறிப் போகிறவர்களுக்கும் தெரியும். இடம் பார்த்தது நான்தான். வேறு யார் பார்ப்பார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், அம்மா, ஒரு கறிவேப்பிலைச் செடி. கோடை முழுக்க அம்மாவும் செடியும் பல்கனியில்தான். அங்கே நின்றபடி அம்மா தெருவையே நிர்வாகம் செய்வார். கீழே போகிற ஹெய்ட்டிப் பெண்ணுக்கு ஒரு பொன்ஜூர், எதிர் வீட்டுக் குழந்தைக்கு ஒரு கையசைப்பு, பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு ஒரு அனுதாபம்.

பிறகு செப்டெம்பர் கடைசியில் ஒரு காலை வரும். கதவைத் திறந்தால் காற்று காதைக் கிள்ளும். அன்றைக்குச் செடி வீட்டுக்குள் வரும். கூடவே அம்மாவும் உள்ளே வந்துவிடுவார். செடி ஜன்னலோரம் போகும். அம்மா சோபாவின் மூலைக்குப் போவார்.

போன வருடம் அந்த மூலை படுக்கையானது. நவம்பரில் தையல் ஃபக்டரிக்குப் போவதை நிறுத்தினார். சுவரைப் பார்த்துப் படுத்தபடி கிடந்தார். டொக்டர், மாத்திரை, விடுப்பு என்று அலைந்து, பனி உருகத் தொடங்கியபோதுதான் எழுந்தார். வேலை போகாமல் தப்பியது சூப்பர்வைசரின் நல்ல மனதால். இந்த வருடம் அம்மாவை மறுபடி அந்தச் சுவருக்குக் கொடுக்கக் கூடாது... பட்டம் வாங்கிய பிறகு எனக்கு வந்த முதல் பரீட்சை இதுதான்.

அறிகுறிகள் வரத் தொடங்கியிருந்தன. போன் அடித்தால் எடுப்பதில்லை. மாதா கோயில் பாட்டுக் குழுவுக்கு, தொண்டை சரியில்லை என்று செய்தி. எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

“அம்மா, சாப்பிடுறீங்களா?”

“ஓம்.”

“இல்லை, இப்ப வேண்டாமெண்டால் பேந்து சாப்பிடுறீங்களா?”

“ஓம்.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். பகல் சுருங்கும்போது உடம்புக்கு வெளிச்சம் போதாமல் போகும், சிலருக்கு அது மனதைப் பிடித்து இழுத்துவிடும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, காலை வெளிச்சமும் நடையும் நாலு பேரோடு கதைப்பதும் உதவும் என்று படித்ததையெல்லாம் எளிய தமிழில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அம்மா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கு விசர் எண்டு சொல்லத்தானே இவ்வளவு காலம் படிச்சனீ?”

அம்மாவைப் பைத்தியம் என்கிறேனாம். அதோடு பேச்சு முடிந்தது.

விடுவேனா? மருந்துக் கடையில் ஒரு விளக்கு வாங்கி வந்தேன். பகல் வெளிச்சம் மாதிரியே பளீரென்று எரியும். காலையில் அதன் முன்னால் கொஞ்ச நேரம் இருந்தால் போதும். சாப்பாட்டு மேசையில், அம்மாவின் கதிரைக்கு நேரே வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். விடிந்து வந்து பார்த்தால் விளக்கு ஜன்னலோரம் எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் கறிவேப்பிலை, கல்யாணப் பெண் மாதிரி ஜொலித்துக்கொண்டு நின்றது. அம்மா இருட்டு மூலையில்.

பாவம், அதுக்குத்தான் வெளிச்சம் காணாது என்றார் அம்மா.

ஒரு செடியிடம் தோற்ற பட்டதாரி இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வாரச் சனிக்கிழமை பகல் அந்தோனி மாமா வந்தார். மாமி ரொறொன்ரோவில் மகளின் பிள்ளையைப் பார்க்கப் போனதிலிருந்து மாமா நகரின் இன்னொரு பக்கம், வில்லரேயில், தனியாக இருக்கிறார். கோடையில் ஆளைக் காணவே கிடைக்காது. செப்டெம்பர் பிறந்தால் மட்டும் அடிக்கடி வருவார். பொரிக்கிற சட்டியான எங்கள் தாச்சியை இரவல் வாங்க ஒரு நாள், திருப்பித் தர ஒரு நாள், மறுபடி இரவல் வாங்க ஒரு நாள். அன்றைக்குத் தாச்சி திரும்பி வரும் நாள்.

மாமா அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த என் பட்டத்தைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த வாசல் கதவைப் பார்த்தார். நோய் பிடிபட்டுவிட்டது.

“இது நாவூறு. கதவைத் திறந்து வைச்சு ஊருக்கெல்லாம் டிகிரி காட்டினால் வேறை என்ன நடக்கும்?”

ஆக, அம்மாவின் மனச்சோர்வு ஊர்க்கண் பட்ட திருஷ்டி, அதற்குக் காரணம் நான் உளவியல் படித்தது. இதை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நான் மறுத்து வாதாடினேன். மாமா என்னைக் கணக்கில் எடுக்காமல் அம்மாவிடம் கேட்டார், நாவூறைக் கழிச்சுவிடட்டோ என்று. அம்மா என்ன சொல்லியிருப்பார்?

“ஓம்.”

மாமா கையிலிருந்த தாச்சியையே அடுப்பில் வைத்தார். முதலில் சிலுவை அடையாளம். பிறகு ஒரு கைப்பிடி காய்ந்த செத்தல் மிளகாய், கல்லுப்பு. அம்மாவின் தலையைச் சுற்றி எடுத்து, கொதிக்கிற தாச்சியில் போட்டார். இதற்கு ஒரு விதி உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் நாவூறு இருந்தது. நெடி வந்தால் நாவூறே இல்லை.

நெடி வந்தது. எப்படி வந்தது! மாமா இருமினார், நான் இருமினேன், குசினி காணாமல் போனது. முதலில் எங்கள் கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி கத்தியது. புகை படிக்கட்டுக்குப் போனதும் யாரோ பயந்துபோய் கட்டடத்தின் பெரிய மணியை இழுத்துவிட்டார்கள். நான்கு மாடியும் தெருவில் இறங்கியது.

நடைபாதையில் வந்து மூச்சு விட்டபோதுதான் எங்களை நாங்களே பார்த்தோம். மாமாவின் கையில் தாச்சி. அம்மாவின் கையில் கறிவேப்பிலைத் தொட்டி. நான் எதை எடுத்து ஓடி வந்தேன் என்று கேட்கிறீர்களா? சட்டத்தோடு என் பட்டத்தை.

நல்ல வெயில் நாள் அது. மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்பும் அடித்து நின்றன. இவ்வளவு நாளும் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்ததால் அம்மாவுக்கு அது தெரியவில்லை. ஹெய்ட்டிப் பெண் ஓடி வந்து, எங்கே போய்விட்டாய், பல்கனியில் காணவில்லையே என்று அம்மாவின் கையைப் பிடித்தார். எதிர் வீட்டுக் குழந்தை தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. மேலே போய்த் தேடிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி இறங்கி வந்த தடித்த மீசைக்காரர், உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய இந்தச் செடி என்ன செடி என்று பிரெஞ்சில் விசாரித்தார். அம்மாவுக்கு வணக்கத்துக்குப் பொன்ஜூர், நன்றிக்கு மெர்சி, இந்த இரண்டும்தான் பிரெஞ்சு. ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, அவருடைய மீசைக்குக் கீழே நீட்டினார். மனிதர் கண்ணை மூடி முகர்ந்தார். பிறகு அடுக்கடுக்காகத் தும்மினார். ஹெல்மெட் கழன்று உருண்டது.

அம்மா சிரித்தார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. எனக்கும் கண்ணில் நீர். மிளகாய்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா தாச்சியோடு என் பக்கத்தில் வந்தார்.

“பாத்தியே பிள்ளை, மிளகாய் வேலை செய்திட்டுது.”

வெளிச்சம் மாமா, வெளிச்சமும் மனிசரும் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். யாருடைய வைத்தியம் வென்றது என்பதா இப்போது முக்கியம்? எனக்கு முக்கியம்தான். ஆனாலும் விழுங்கிக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. தனக்காக அம்மா சோபாவை விட்டு அசைய மாட்டார். செடிக்காக மூன்று மாடி இறங்குவார்.

மறுநாள், செடி வாடுகிறதே, வெளியில் கொஞ்சம் வெயில் காட்டினால் நல்லது என்று சும்மா சொல்லி வைத்தேன். அம்மா அதைச் சாமான் வாங்கும் தள்ளுவண்டியில் ஏற்றி, ஒரு சால்வையும் சுற்றி, பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். குழந்தையென்று குனிந்து பார்த்தவர்கள் எல்லோரும் நின்று, பாதி சைகையில் கதைத்துவிட்டுப் போனார்கள். சிவந்த மூக்கோடும் தெருச் செய்திகளோடும் அம்மா வீடு திரும்பினார். இப்போது தினமும் போகிறார். காலையில் விளக்கு செடிக்குத்தான் எரிகிறது. ஆனால் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டுமாம், அதனால் அம்மாவும் தேத்தண்ணியோடு அங்கேயே இருக்கிறார். ஃபக்டரிக்குப் போகிறார். சில நாட்களில் இன்னும் எல்லாவற்றுக்கும் ‘ஓம்’தான், அந்த நாட்களில் நானும் வண்டியோடு கூடப் போகிறேன். நவம்பர் வரட்டும், டொக்டரிடம் இப்போதே நாள் வாங்கியாயிற்று.

உங்கள் வீட்டிலும் சோபா மூலையில் யாராவது இருக்கிறார்களா? அறிவுரை சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். வெளியே போக ஒரு சாட்டு, ஒரு காரணம் கொடுங்கள். அதற்கும் அசையாமல், சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டால் டொக்டரிடம் கூட்டிப் போங்கள். செடி டொக்டர் ஆகாது. மிளகாய் நிச்சயமாக ஆகாது.

இதை வைத்து அடுத்த வேலையையும் தொடங்கிவிட்டேன். கோயில் ஃபாதரிடம் கேட்டு, பெரிய ஜன்னல்கள் உள்ள மேல் மண்டபத்தைச் சனிக்கிழமைக் காலைகளுக்கு வாங்கியிருக்கிறேன். மனநலக் கூட்டம் என்று போட்டால் நம் சனம் எட்டியும் பார்க்காது. ஆகவே அறிவித்தல் பலகையில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘குளிர்காலத்தில் கறிவேப்பிலையைக் காப்பாற்றுவது எப்படி? செடியோடு வரவும். தேத்தண்ணி உண்டு.’

முதல் ஆளாகப் போன் எடுத்துப் பெயர் கொடுத்தவர் அந்தோனி மாமா. எத்தனை மணிக்குத் தொடங்கும், கொஞ்சம் முன்னதாகவே வரலாமோ என்றும் கேட்டார்.

மாமாவிடம் கறிவேப்பிலைச் செடி கிடையாது.

அம்மாவின் செடியடியில் முளைத்திருந்த கன்றொன்றை நேற்றே பிரித்து, ஒரு ஐஸ்கிரீம் வாளியில் நட்டு, வாளியில் அவர் பெயரையும் எழுதிவிட்டேன்.