மூன்று துவக்கும் ஒரு கடிதமும்

என் அப்பாவின் விரல்களில் எப்போதும் தையல் மிசின் எண்ணெய் மணக்கும். ஞாயிறு பூசைக்குப் போகுமுன் எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அது போகாது. மாதா கோயிலில் அவருக்குப் பக்கத்தில் முழந்தாளில் நிற்கும்போது சாம்பிராணியையும் மீறிக்கொண்டு அந்த மணம்தான் எனக்கு வரும். லண்டன் எட்மண்டனில் நாங்கள் இருந்த வீட்டில் தையல் மிசின் என்று ஒன்று இருக்கவில்லை. அந்த எண்ணெய் அப்பாவின் மூன்று சின்னக் கைத்துப்பாக்கிகளுக்கு.

இதை வாசிக்கிற பிள்ளைகளே, துப்பாக்கி என்றவுடன் நீங்கள் கணினி விளையாட்டில் காண்கிறதை நினைக்க வேண்டாம். இவை ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்குள் அடங்கும். குதிரை வண்டியில் ஊர் போன காலத்து மனிதர்கள் கள்ளருக்குப் பயந்து கோட்டுப் பையில் வைத்திருந்தவை. வாதுமை மரத்தில் பிடி, இரும்பில் கொடியும் பூவுமாய்ச் செதுக்கல், திருகிக் கழற்றுகிற குட்டிக் குழல். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அதன் விசை. மடங்கி உள்ளே ஒளிந்திருக்கும். மேலே இருக்கிற சுத்தியலைப் பெருவிரலால் பின்னால் இழுத்தால் மட்டும் “டக்” என்று கீழே விழும். அதற்கு நாங்கள் வீட்டில் வைத்த பெயர் “நாக்கு”. “அப்பா, நாக்கு நீட்டச் சொல்லுங்கோ” என்று நான் கேட்க, அவர் மூன்றையும் வரிசையாக நாக்கு நீட்ட வைப்பார்.

மன்னாரில் தையல் மிசின் திருத்தியவர் அவர். லண்டனில் ஒரு பேக்கரியில் பாண் தட்டு இழுத்துக்கொண்டிருந்தார். பழம்பொருள் சந்தையில் முதலாவதைக் கண்டபோது, அதற்குள் இருந்த சின்ன ஸ்பிறிங்கைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டாராம். மூன்றையும் விற்ற வெள்ளைக்காரக் கிழவர் நல்ல மனிதர். இவை பழங்காலப் பொருள்கள், அழகுக்கு வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று கையெழுத்திட்டு ஒரு கடிதமும் கொடுத்தார். அப்பா அதை பைபிளுக்குள் வைத்திருந்தார்.

அம்மாவுக்கு அவற்றைக் கண்ணில் காட்டக் கூடாது.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆள், இஞ்சை வந்து துவக்கை மடியிலை வைச்சுத் தாலாட்டுறார்” என்று குசினிக்குள், அடுப்படியில் நின்று எங்களுக்குக் கேட்கவே சொல்வார்.

“இது இனி ஒருத்தரையும் சுடாது, றீற்றா. அதாலைதான் வடிவாய் இருக்கு.”

“நானும்தான் ஒருத்தரையும் சுடேல்லை. என்னையும் ஒருக்கா எண்ணெய் போட்டுத் துடைச்சு வையுங்கோவன்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும்வரை சிரிப்பார்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அந்தக் கிழவர் அப்பாவை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். இப்படிப் பழம்பொருள் சேர்க்கிறவர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவார்களாம்; அப்பாவும் தன் மூன்றையும் கொண்டுவந்து வைத்து, அவற்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். இந்த நாட்டில் வேலை செய்யச் சொல்லி அல்லாமல், பேசச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அவருக்கு ஆங்கில வாத்தியார் ஆனேன். இரண்டு கிழமையாகக் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று, அதையே சபையாக நினைத்துப் பேசிப் பழகினார்.

“கையை எங்கை வைக்கிறது, தம்பி?”

“பொக்கற்றுக்குள்ளை வையுங்கோ, அப்பா.”

“பிஸ்டல் கொண்டு வந்தவன் பொக்கற்றுக்குள்ளை கையை விட்டால் சனம் ஓடியெல்லே போயிடும்.”

கூட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை பின்னேரம் கதவுமணி அடித்தது. திறந்தேன். இரண்டு பொலிஸ்காரர்கள். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. குசினிக்கு ஓடிப்போய், “அப்பா, பொலிஸ்” என்று மட்டும் சொன்னேன்.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை. மேசையில் இருந்த மூன்றையும் பிஸ்கற் தகரப் பேணிக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, சப்பாத்துக்கூடப் போடாமல், பின்கதவால் போய்விட்டார். ஊரில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டவுடன், றேடியோவுக்குப் போடுகிற, அப்போது தடைசெய்திருந்த பற்றறியைக்கூடச் சனம் கிணற்றுக்குள் போடுமாம். அந்தப் பழக்கத்தில்தான் அவருடைய கால் தானாக ஓடியிருக்க வேண்டும்.

பொலிஸ்காரர்கள் பக்கத்து வீட்டு வான் வண்டியின் கண்ணாடியை உடைத்தது யாரென்று விசாரிக்க வந்தவர்கள். யாரையும் காணவில்லை என்று அம்மா சொன்னார். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அடுப்பில் வைத்த தேத்தண்ணீர்கூடக் கொதித்திருக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்து அப்பா சேற்றுக் காலோடு, வெறுங்கையோடு வந்தார்.

“எங்கை?” என்றார் அம்மா.

“கால்வாய்க்குள்ளை போட்டிட்டன்.”

“அவங்கள் பக்கத்து வீட்டு வானைப் பற்றிக் கேக்க வந்தவங்கள். உங்களிட்டைக் கடிதம் இருக்கெல்லே?”

“கடிதத்தை வாசிச்சுப் பாப்பாங்கள் எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஊரில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஆமிக்காரருக்கு முன்னால் போனாராம். யாரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் நானும் அப்பாவும் கயிற்றில் காந்தம் கட்டிக் கால்வாயில் இழுத்துப் பார்த்தோம். ஒரு சைக்கிள் கைபிடியும் தள்ளுவண்டிச் சில்லும் வந்தன. நான் அழுதேன். “நீ என்ன செய்வாய் தம்பி, பொலிஸ் வந்தது, பொலிஸ் எண்டாய்” என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும். சனிக்கிழமை அந்தக் கிழவர் தொலைபேசியில் அழைத்தார். அப்பாவுக்குச் சுகமில்லை என்று, அவருக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆங்கிலத்தில் நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு பழம்பொருள் கடைகளைக் கண்டால் அப்பா தெருவைக் கடந்து மறுபக்கத்தால் போவார்.

போன வருடம் அவர் இறந்துபோனார். கடைசி நாள்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருடைய பெருவிரல் போர்வையில் எதையோ பின்னால் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. நோவாக்கும் என்று தாதி மருந்து கூட்டினார். நாக்கு விழுவதற்குத்தான் அப்பா காத்திருந்தார் என்று தாதிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

இன்று அந்தக் கால்வாய்க் கரையில் மாடி வீடுகள் எழும்பிவிட்டன. அப்பா பின்கதவால் ஓடிய ஒழுங்கைப் பாதை இல்லை. கிழவரும் இல்லை. கடிதம் மட்டும் பைபிளுக்குள் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் கையெழுத்து நல்ல தெளிவு. அது காப்பாற்றுவதற்குத்தான் இனி ஒன்றும் இல்லை.

இந்தப் பயத்தை என் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான், இந்தக் கதையை இவ்வளவு காலமும் வீட்டில் சொல்லாமல் இருந்தேன். போன கிழமை கதவுமணி அடித்தது. பார்சல்காரன்தான். என் ஆறு வயது மகள் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்காமல், பாதம் நிலத்தில் படாத மாதிரி என்னிடம் வந்தாள். என் காதுக்குள் வாயை வைத்து, “அப்பா, ஆரோ வந்திருக்கினம்” என்றாள். மெதுவாகச் சொல் என்று அவளுக்கு நாங்கள் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.