பின்சீட்டுக்குக் காற்று

எங்கள் ஊரில் கார் ஏசி என்பது கோயம்புத்தூருக்கு இறங்கும்போது மட்டும் ஞாபகம் வரும் சாமான். மலைமேல் இருக்கும் எங்கள் காந்தலில் அதைப் போட்டால் பைத்தியம் என்பார்கள். எங்கள் வண்டியில் முன்பக்கம் ஜில்லென்று வரும். பின்பக்கம் மூச்சே இல்லை.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் ஆனபிறகு மாதம் ஒருமுறை கீழே கோயம்புத்தூர் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெல்ட் தையலில் உரசுகிறது என்று முன்சீட்டில் உட்கார மாட்டார். போன தடவை மேட்டுப்பாளையம் வெயிலில் வெந்துபோய், "பின்னாடி காத்து வந்தாத்தான் இனி வருவேன். இல்லாட்டி ஊட்லயே கெடக்கறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

மெக்கானிக்கிடம் போனேன். "இந்தக் குளுருல ஏசிக்கு எவனுங்க வர்றான்? எனக்குப் பழக்கமில்லைங்க, கீழ கொண்டுபோங்க" என்றார். எரிச்சலாக வந்தது.

செல்போனில் வீடியோ பார்த்து நானே இறங்கினேன். பின்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதில் கிளிப்புகள் படபடவென உடைந்தன. கை நுழையாத இடத்தில் ஸ்குரூ வைத்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உள்ளே காற்றாடி முழுக்க எலி கடித்துக் குவித்த பஞ்சு. காற்றாடி இருக்கும் பெட்டியை வெளியே எடுக்காமல் சுத்தம் செய்ய முடியாது. அதில் மாட்டியிருந்த குழாயின் நட்டைத் தளர்த்தினேன். நீளமாக 'உஸ்' என்றது. அடைபட்ட காற்றுதானே, போகட்டும் என்று விட்டேன்.

பஞ்சையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டேன். வெளியே மூடுபனி. பின்னால் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, கை வெறைக்குதுங்க" என்றாள் மனைவி. அப்பா ஸ்வெட்டரோடு ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "செரி, போலாம்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மலைப்பாதையில் பர்லியாறு வரை கெத்தாக ஓட்டினேன். மலையடியில் கல்லாறில் வெயில் ஏறியதும் பின்னால் அனல் வந்தது. முன்னாலும் அனல். அப்போதுதான் உறைத்தது: முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஏசி கேஸ்தான், 'உஸ்'ஸென்று மொத்தமும் போயிருக்கிறது. காந்தலில் கையை விறைக்க வைத்தது ஊர்க்குளிர். அந்தக் குளிரில் உட்கார்ந்து ஏசியைச் சோதித்துப் பார்த்த என் புத்தியை என்ன சொல்வது.

அப்பா ஸ்வெட்டரைக் கழற்றினார். "போன தடவ முன்னாடியாச்சும் வந்துச்சு" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அடுத்த மாதத் தேதியைச் சொன்னபோது அப்பா குறுக்கிட்டார்.

"அது வேண்டாமுங்க டாக்டர். நான் வரப்போறதில்லைங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.