துபாய் இறுக்கு

போன வாரம் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். காரைக்கால் புறவழிச் சாலையில் புதிதாக வந்திருக்கும் இடம். வண்டிக்காரனை உள்ளே விடமாட்டார்கள். குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, பொத்தானை அமுக்கினால் வருகிற காப்பியைக் கொடுத்து, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கும் ஆளைப் போல நானும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே கையுறை போட்ட ஒரு தம்பி புது ஃபில்டரை எடுத்தான். அதன் வாயிலிருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு விரல் ஆயில் தடவினான். கையாலேயே திருகினான். நிறுத்தினான். துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

அவ்வளவுதானா? வாஞ்சூர் தாண்டுவதற்குள் கழன்று விழுந்தால்? நான் இப்படித்தான். கேஸை மூடினேனா என்று பார்க்க பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பியவன். ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தையே விட்டவன். எதையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்க்காவிட்டால் சோறு இறங்காது. கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினேன். ஆயில் வாசனை முகத்தில் அடித்தது. அந்த வாசனைக்குப் பின்னாலேயே சேகர் அண்ணன் நினைவுக்கு வந்துவிட்டார்.

ஊரில் அவருக்கு துபாய் சேகர் என்று பெயர். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாலைந்து வேலைகளுக்குப் பயந்து ஓடிவந்த பிறகு நான் ஒட்டிக்கொண்ட இடம் அதுதான். சில வருஷம் துபாயில் இருந்தவர் என்பதால் இன்ஜின் விஷயத்தில் அவர் சொன்னதற்கு இந்தப் பக்கம் மறுபேச்சு கிடையாது. துபாயில் அவர் ஒரு லாண்டரியில் இஸ்திரி போட்டார் என்ற விஷயம் எங்களுக்கு வெகுகாலம் கழித்து, அதே அறையில் தங்கியிருந்த திருமலைராயன்பட்டினத்து பாய் ஒருவர் மூலம்தான் தெரியவந்தது. எதையும் அழுத்துகிற பழக்கம் அங்கே வந்திருக்கவேண்டும்.

ஃபில்டர் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயிலிலும் டீசலிலும் வரும் கசடை வடிகட்டுகிற ஒரு தகர டப்பா அது. ஊறுகாய் பாட்டிலுக்கு மூடியைத் திருகுகிறோம் அல்லவா, இங்கே டப்பாவையே இன்ஜினில் திருகவேண்டும். ரப்பர் வளையம் போய் உட்கார்ந்ததும் கையால் இன்னும் ஒரு முக்கால் சுற்று. முடிந்தது. அதற்குமேல் பலம் காட்டினால் வளையம் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். ஒழுகாது, உண்மைதான். ஆனால் மாற்றவேண்டிய நாளில் கழலாது.

இதையெல்லாம் டப்பாவின் மேலேயே படம் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு படத்தில் கை. அடுத்த படத்தில் ஸ்பானர், அதன்மேல் பெரிதாக இரண்டு குறுக்குக் கோடுகள். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அண்ணனிடம் அந்தக் கோடுகள் என்ன என்று கேட்டேன்.

"பெருக்கல் குறிடா. கைய விட ஸ்பானர்ல ரெண்டு மடங்கு இறுக்குன்னு அர்த்தம். இதுக்குத்தான் பள்ளிக்கூடம் போகணும்ங்கிறது."

கணக்குக்குப் பயந்து ஓடிவந்தவனிடம் பெருக்கல் குறியைக் காட்டினால் நம்பத்தானே வேண்டும். டப்பாவை அவர் கையில் கொடுத்தேன்.

பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் செயின் ரெஞ்ச் தொங்கும். நீளமான பிடி, முனையில் சைக்கிள் செயின் மாதிரி ஒன்று. அதை டப்பாவின் கழுத்தில் சுற்றி இழுத்தால் எதுவும் திரும்பும். நாங்கள் யார் ஃபில்டர் மாட்டினாலும் கடைசியில் அண்ணன் வந்து அதைப் போட்டு ஓர் இழுப்பு இழுப்பார். தாலி கட்டுவதற்கு மாப்பிள்ளை வருவது போல வருவார். இழுத்து முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, "படகே ரெண்டா போனாலும் இது கழலாது" என்பார். அந்த மாதிரி ரெஞ்ச் துறைமுகத்தில் வேறு யாரிடமும் இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அவர் பூட்டியதை அவர்தான் திறக்கவேண்டும். வியாபாரம் தெரிந்த பூட்டு.

ஊரே அதற்கு துபாய் இறுக்கு என்று பெயர் வைத்தது. அப்புறம் அந்த வார்த்தை பட்டறையை விட்டு வெளியே வந்து சுற்ற ஆரம்பித்தது. திறக்காத குழாய் துபாய் இறுக்கு. பெண்ணைக் கொடுத்துவிட்டுப் பணத்தை அவிழ்க்காத மாமனார் துபாய் இறுக்கு. எந்தக் காகிதத்தையும் நகர்த்தாத ஓர் அதிகாரிக்கு ஆபீஸ் முழுவதும் அதே பெயர்.

இந்த இறுக்கின் மகிமையை நான் கடலில்தான் கண்டேன்.

காரைக்கால்மேட்டுக் காத்தமுத்து அண்ணன் விசைப்படகு வைத்திருந்தார். அவருடைய அண்ணனின் படகு கடல் எல்லை தாண்டிவிட்டது என்று அக்கரைக் கடற்படையிடம் பிடிபட்டு, ஆட்கள் மட்டும் வீடு திரும்பினார்கள். படகு அக்கரையிலேயே நின்று மக்கிக்கொண்டிருந்தது. ஆக, குடும்பத்துக்கு மிச்சம் இந்த ஒரு படகுதான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் நடை கடலுக்குக் கிளம்பும்போது, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் கூடவரவேண்டும் என்று கேட்டார். சேகர் அண்ணன் தாராளமாக என்னைக் கொடுத்தார். பூவம் வாய்க்காலில் முழங்கால் தண்ணீருக்கே பயப்படுகிறவன் நான்.

கோடியக்கரைக்கு நேரே வெகுதூரம் போன பிறகு இன்ஜின் இருமியது. இரண்டு தடவை முனகிவிட்டு நின்றது. இவ்வளவு நாள் சும்மா கிடந்த டீசல் டேங்கின் அடிக்கசடெல்லாம் கிளம்பி வந்து டீசல் ஃபில்டரை அடைத்துவிட்டது. பெரிய விஷயமே இல்லை. புது ஃபில்டர் கையில் இருக்கிறது. பழையதைக் கழற்றி, இதைப் போட்டு, குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட்டால் பீடி குடிக்கிற நேரத்தில் கிளம்பலாம்.

பழையது கழலவில்லை.

கையால் முடியவில்லை. செயின் ரெஞ்ச் பட்டறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சாக்கைச் சுற்றித் திருகினோம். கயிற்றைக் கட்டிக் கட்டை கொடுத்து முறுக்கினோம். கயிறு அறுந்தது. அதற்குள் மேற்கிலிருந்து கச்சான் காற்று படகைக் கிழக்கே தள்ள ஆரம்பித்தது. நங்கூரம் அடியைப் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தது. ஒயர்லெஸ்ஸில் மற்ற படகுகளைக் கூப்பிட்டால், வலை போட்டிருக்கிறோம், வாரிக்கொண்டு வருகிறோம் என்றார்கள். ஜி.பி.எஸ். பெட்டியில் எல்லைக் கோடும் எங்கள் படகின் புள்ளியும் தெரிந்தன. புள்ளி நகர்வதைக் காத்தமுத்து அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பேசியதெல்லாம் வலை இழுக்கிற பக்கிரிதான். "மெக்கானிக்கு, உங்க அண்ணன் என்ன சொன்னாரு? படகு ரெண்டா போனாத்தானே கழலாது? இப்ப ஒண்ணாத்தானே இருக்கு, கழட்டுய்யா."

கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து டப்பாவைக் குத்தி, அதைக் கைப்பிடியாக்கித் திருகினோம். டீசல் முழங்கை வரை வழிந்தது. தகரம் ஊதுபத்தி அட்டை மாதிரி கிழிந்து கையோடு வந்தது. வளையம் இருந்த வாய்த்தட்டு மட்டும் இன்ஜினில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. அடித்தால் இன்ஜின் உடைந்துவிடுமோ என்று நான் சொல்ல, அடிக்காவிட்டால் உன்னை உடைப்பேன் என்று பக்கிரி சொல்ல, மீன் அறையில் ஐஸ் உடைக்கும் கம்பியை எடுத்துவந்து தட்டின் விளிம்பில் வைத்து சுத்தியலால் ஆள் மாற்றி ஆள் அடித்தோம். எப்போது அசைந்தது என்று தெரியாது. அசைந்ததும் பக்கிரி அந்த இரும்புக்கு ஒரு முத்தம் கொடுத்தான்.

புது ஃபில்டரை நான் மாட்டினேன். முக்கால் சுற்று வந்ததும் நிறுத்தியிருக்கவேண்டும். என் கை நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்துக்கொண்டு, இன்னும் இன்னும் என்று முக்கினேன். காத்தமுத்து அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய எடு. கழலுற மாதிரி இருந்தாத்தான்டா நாம வீடு போய்ச் சேர முடியும்."

எடுத்தேன். காற்றை எடுத்துவிட்டதும் இன்ஜின் பிடித்தது. எல்லைக் கோட்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருந்தோம் என்று பெட்டியை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அரசலாற்று முகத்துவாரம் வரும்வரை ஃபில்டரின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. விழாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கரைக்கு வந்ததும் காத்தமுத்து அண்ணன் கிழிந்த தகரத்தையும் தட்டையும் கொண்டுபோய்ப் பட்டறை மேஜையில் போட்டார். சேகர் அண்ணன் முகம் சுண்டும் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா. தகரம் கிழிஞ்சிருக்கு. பூட்டு விடல."

காத்தமுத்து அண்ணன் என்னிடம் திரும்பி, இனி தன் படகில் ஃபில்டரை நான்தான் மாட்டவேண்டும், கையால் மட்டும் மாட்டவேண்டும், சேகர் அண்ணன் அந்த நேரம் டீக்கடையில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் ஊர் என்ன செய்தது தெரியுமா? தகரமே கிழிந்ததாம், பூட்டு அசையவில்லையாம் என்று துறைமுகம் முழுவதும் பேசிக்கொண்டார்கள். அதுவரை வராத படகுகளும் பட்டறைக்கு வந்தன. அண்ணன் அந்தத் தகரத்தை வாசலில் ஆணியடித்து மாட்டினார். ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்தார்கள். நான்தான் சந்தனம் கரைத்தேன்.

இப்போது பட்டறை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். சேகர் அண்ணன் தன் மகள் வீட்டில் இருக்கிறார். மருந்து பாட்டில் மூடியைத் திறக்க மருமகனைக் கூப்பிடுகிறார் என்று கேள்வி.

சர்வீஸ் சென்டரில் கதவுக்குள் தலையை நீட்டியவன், அந்தத் தம்பியிடம் இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா என்று கேட்டேன். போதும் சார் என்றான். பதற்றத்தில் என் வாயிலிருந்து, "இல்ல தம்பி, துபாய் இறுக்கு வேணாம், சும்மா ஒரு பிடி" என்று வந்துவிட்டது.

அவன் மரியாதையாகக் கேட்டான். "சார் துபாய்ல இருந்தீங்களா?"

வார்த்தையும் போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். காப்பி ஆறியிருந்தது.

காத்தமுத்து அண்ணனின் படகும் போய்விட்டது. பின்னொரு வருஷம், இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, நீரோட்டத்தில் போன வலைக்குப் பின்னால் போய் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். பிடிபட்ட ஆட்கள் மட்டும் வீடு திரும்பினார்கள். படகு அக்கரையில், அவருடைய அண்ணன் படகு நின்ற அதே கரையில் நிற்பதாகச் சொல்கிறார்கள். அந்த நடைக்கு முன்னால் ஃபில்டர் மாற்றிக் கொடுத்தது நான். வளையம் உட்கார்ந்த பிறகு முக்கால் சுற்றுதான். அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு கையால் கழற்றிவிடலாம்.